என் தலையடியும் உன் பெயரில் நான் கொடுத்த வாக்கும்

மகன்,

இன்னும் மூன்று கிழமையில் உனக்குக் கலியாணம். வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க வந்தவர்கள் ஒவ்வொரு அறையாக என்னைக் கலைத்துக்கொண்டே வந்து, இப்போது குசினி மேசையில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அங்கே இருந்துதான் எழுதுகிறேன். சுற்றி வளைத்துப் பேசுவது உனக்குப் பிடிக்காது என்பதால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷாமினியின் அப்பாவுக்கு, உன்னை ஒரு வார்த்தை கேட்காமல், உன் பெயரில் நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். கலியாணம் முடிந்து ஒரு வருடத்துக்குள் நீ வைத்தியம் செய்கிற வெள்ளவத்தை அறையை மூடிவிட்டு, லண்டனுக்குத் திரும்பிப் போய் ஆஸ்பத்திரி உத்தியோகம் ஒன்று எடுப்பாய் என்று. அதை நம்பித்தான் அவர் இந்தக் கலியாணத்துக்குத் தலையாட்டினார். உனக்கு இது தெரியாது. ஷாமினிக்கும் தெரியாது. இதை வாசிக்கும்போது உனக்குக் கோபம் வரும். வரட்டும், ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படு.

இது இந்தக் கலியாணப் பேச்சில் தொடங்கிய பொய் இல்லை. உயர்தரப் பரீட்சையில் உனக்கு மருத்துவ பீடத்துக்குப் புள்ளி போதாமல் போய், மாமா உன்னை லண்டனுக்கு எடுத்தபோதே தொடங்கிவிட்டது. ஒஸ்டியோபதி படிக்கப் போகிறேன் என்று நீ எழுதியிருந்தாய். அது என்னவென்று நான் யாரையும் விசாரிக்கவில்லை, உன்னையும் கேட்கவில்லை. உடம்பு பிடித்துவிடுகிற வேலை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று கதைக்கும்போது, "மகன் என்ன படிக்கிறார்?" என்று யாரோ கேட்டார்கள். "டொக்டருக்கு" என்றேன். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு கொட்டாஞ்சேனை முழுக்க நீ டொக்டர். முப்பத்துநான்கு வருடம் துறைமுகத்தில் கப்பலில் இருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணி எழுதியவன் நான். ஒரு மூட்டை கூட்டி எழுதியதில்லை, ஒரு மூட்டை குறைத்து எழுதியதில்லை. அப்படிப்பட்டவன் கோயில் வாசலில் நின்று ஒரு டொக்டரையே இறக்கிவிட்டேன்.

நீ திரும்பி வந்து, வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், பிளவுஸ் தைக்கிற கடைக்கு மேலே அறை எடுத்தாய், தங்குவதும் அந்தப் பக்கமே என்றாக்கிக்கொண்டாய். திறந்த அன்று வந்தேன். ஒரு ஒடுக்கமான கட்டில், மடித்து வைத்த துவாய்கள், மூலையில் பிளாஸ்டிக் முதுகெலும்பு. வாசல் பலகையைப் பார்த்துவிட்டு, "பேருக்கு முன்னால ஒண்டும் போடேல்லையே?" என்று கேட்டேன். "போடுறதுக்கு ஒண்டும் இல்லை அப்பா" என்றாய். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கமே வரவில்லை. கால் வலி, படி ஏற ஏலாது என்று அம்மாவிடம் சொன்னேன். என் காலுக்கு ஒன்றும் இல்லை. இதற்காகவா நாலு வருடம் லண்டனில் படித்தான் என்ற கசப்புத்தான்.

ஷாமினி வீட்டார் முதல் தரம் சாப்பிட வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். கலியாணப் பேச்சைக் கொண்டுவந்த தரகர் அம்மாவிடமும் நான் டொக்டர் என்றுதான் சொல்லியிருந்தேன். பிரின்சிப்பல், ஷாமினியின் அப்பாவை நான் அப்படித்தான் சொல்வது, கையைக் கழுவிவிட்டு வந்து இருந்த உடனே கேட்டார்: "தம்பி இப்ப எந்த ஆஸ்பத்திரியில?" நீ வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "பிரைவேட்டாச் செய்யிறார்." நாளைக்கு நீயும் அப்பாவாவாய். அப்போது உன் பிள்ளையிடம் யாராவது ஏதாவது கேட்டால், பிள்ளை பதில் சொல்லுமட்டும் பொறு. நான் பொறுக்கவில்லை. நீ சோற்றில் இருந்து கையை எடுத்துவிட்டு, அமைதியாகச் சொன்னாய்: "அங்கிள், நான் டொக்டர் இல்லை. ஒஸ்டியோபத். முதுகு, கழுத்து, மூட்டு எல்லாம் கையால பாத்துக் கையாலயே செய்யிற வைத்தியம். மருந்து எழுதுறேல்ல, ஒப்பரேஷன் செய்யிறேல்ல." பிரின்சிப்பல் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் அவருடைய சோற்றுக் கோப்பையில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள். ஷாமினி மட்டும்தான் அது எத்தனை வருடப் படிப்பு என்று உன்னிடம் கேட்டாள். அவசர வேலை இருக்கிறது என்று சீக்கிரமே எழும்பிப் போனார்கள். கரமல் புடிங் வெட்டாமலே திரும்பவும் பிரிட்ஜுக்குள் போனது.

அவர்கள் படி இறங்கின உடனே உன்னில் ஏறி விழுந்தேன். "உனக்கு வாயை வைச்சுக்கொண்டு இருக்கேலாதா?" என்றேன். "நாளைக்கு அங்கிளுக்கு நெஞ்சு நோ வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் என்னட்ட வந்தா என்ன செய்யிறது அப்பா?" என்றாய். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு சந்திக்குப் போய்விட்டேன்.

கலியாணம் செய்தால் உன்னைத்தான் செய்வேன் என்று ஷாமினி வீட்டில் பிடிவாதமாக நிற்கிறாள், தகப்பன்தான் இழுத்துப் பிடிக்கிறார் என்று நாலாம் நாள் கேள்விப்பட்டேன். சவரம் செய்து, கோயிலுக்குப் போடுகிற சேட்டைப் போட்டுக்கொண்டு தனியாக அவர் வீட்டுக்குப் போனேன். அறை தற்காலிகம் என்றேன். லண்டனில் ஆஸ்பத்திரி வேலைக்கு வழி இருக்கிறது என்றேன். ஒரு வருடம் என்றேன். "தம்பிக்கு இதில சம்மதமோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். "இப்ப அவரோட இதைப்பற்றிக் கதைக்காதேங்கோ, அண்டைக்கு நடந்ததில மனம் சரியில்லாமல் இருக்கிறார். மகளுக்கும் இப்ப சொல்லவேண்டாம்" என்று ஒரு பூட்டும் போட்டுவிட்டு வந்தேன். நாள் குறித்தார்கள். நீ அம்மாவிடம், "பாத்தீங்களா அம்மா, உண்மையைச் சொன்னா விளங்கிக்கொள்ளுவினம்" என்று சந்தோஷமாகச் சொன்னாய். நான் அடுத்த அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது வெட்கம் வரவில்லை. கெட்டித்தனமாகக் காரியம் பார்த்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பிறகுதான் தலையடி. அதன் முழுக்கதையும் உனக்குத் தெரியாது. பிறகு நீ கேட்டபோது, குசினிக் கபேட் கதவில் இடித்தது என்று சொல்லியிருந்தேன். அது பௌர்ணமிப் போயா விடுமுறை நாள். மரக்கறி சமைப்போம் என்று அம்மா சொன்னாள். எனக்குத்தான் இறைச்சி இல்லாமல் சோறு இறங்காதே. போயாவுக்கு இறைச்சிக் கடை திறக்கக்கூடாது. ஆனால் தெரிந்த முகங்களுக்கு ஷட்டரை அரைவாசி தூக்கிவிட்டு உள்ளே கொடுக்கிற கடை ஒன்று இருக்கிறது. எந்தக் கடை என்று எழுதமாட்டேன். குனிந்து உள்ளே போனேன், வாங்கினேன். வெளியே வரும்போது யாரும் பார்க்கிறார்களா என்று தெருவைப் பார்த்துக்கொண்டு அவசரமாக நிமிர்ந்தேன். "அங்கிள், ஒலுவ பலாகன்ன" என்று கடைக்காரப் பெடியன் தன் தலையைத் தொட்டுக் காட்டிச் சிங்களத்தில் கத்தினான். பிந்திவிட்டான். ஷட்டரின் இரும்பு விளிம்பு உச்சந்தலைக்குக் கொஞ்சம் பின்னால் இறங்கியது. விழவில்லை, இரத்தம் வரவில்லை. ஆனால் கையில் இருக்கிற பை என்ன பை, நான் எதற்கு இங்கே நிற்கிறேன் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பையைக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

அடுத்த நாளில் இருந்து நான் நான் இல்லை. பேப்பரில் மரண அறிவித்தல் பக்கம் பார்க்காமல் எனக்குப் பொழுது விடியாது. அந்தப் பக்கத்தில் எழுத்துகள் மிதந்தன. வெளிச்சம் கண்ணில் குத்தியது. அம்மா தேங்காய் துருவுகிற சத்தத்துக்குக் கோப்பையைத் தூக்கி எறிந்தேன். அவளுடைய பெயருக்குப் பதிலாக என் அக்காவின் பெயர் வாயில் வந்தது. பஸ்ஸில் ஏறினால் வயிற்றைப் புரட்டியது. இப்படிப் பதினெட்டு நாள் உனக்குச் சொல்லாமல் இருந்தேன். போயாவுக்கு இறைச்சி வாங்கப் போன வெட்கம் ஒரு பக்கம். அதைவிட, உன்னிடம் சொன்னால் அந்தக் கட்டிலில் வந்து படுக்கச் சொல்வாய். நான் பொய் சொல்லி மறைத்த வேலைக்கே என் தலையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் செய்த வேலையைக் கேள். ஜிந்துப்பிட்டிப் பக்கம் ஒருவர் எண்ணெய் வைத்துத் தலை கழுத்து உருவி விடுவார் என்று கேள்விப்பட்டு அவரிடம் போனேன். மகன் கையால் செய்வது ஒரு வேலையா என்று முகத்தைச் சுளித்தவன், கையால் செய்கிற இன்னொருவரைத் தேடிப் போனேன். அவர் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. கழுத்தைப் பிடித்துச் சட்டென்று திருப்பி ஒரு வெட்டு வெட்டினார். இரண்டு நாள் திரும்பிப் பார்க்க ஏலாமல் கிடந்தேன். அதோடு அம்மா உனக்கு போன் எடுத்துவிட்டாள்.

நீ மத்தியானமே வந்தாய். வேலைக்குக் கொண்டுபோகிற பைகூடக் கொண்டுவரவில்லை. எதிரே கதிரையைப் போட்டு இருந்து, எப்போது அடிபட்டது, மயங்கினீர்களா, வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். என்ன குளிசை போடுகிறீர்கள் என்று கேட்டபோது, இருதயத்துக்குப் போடுகிற அஸ்பிரினைச் சொன்னேன். உடனே எழும்பிவிட்டாய்.

"வெளிக்கிடுங்கோ, போவம்."

"உன்ர கட்டிலுக்கோ?"

"இல்லை. ஆஸ்பத்திரிக்கு. இரத்தத்தை இளக்கிற குளிசை போடுற ஆளுக்கு உள்ளுக்குள்ள மெதுவாக் கசியலாம். ஸ்கேன் எடுக்காமல் நான் கை வைக்கமாட்டன்."

"அப்ப உன்ர படிப்பு என்னத்துக்கு?"

"இதுக்கும்தான் அப்பா."

திரீவீலரில் பொரளைக்குப் போகும் வழி முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டு வந்தேன். உனக்குக் கை வைக்கப் பயம் என்றேன். நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு, பள்ளம் வருகிற இடங்களில் மெதுவாக ஓட்டச் சொல்லித் திரீவீலர்க்காரரிடம் சிங்களத்தில், "மல்லி, ஹெமின்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாய். அப்படியும் நான் திட்டுவதை நிறுத்தவில்லை. ஸ்கேனில் கசிவு ஒன்றும் இல்லை. கன்கஷன் என்றார்கள், மூளை குலுங்கியிருக்கிறது, ஓய்வு வேண்டும் என்றார்கள். நீ அந்த டொக்டரிடம் உன் வேலையைச் சொல்லி, கழுத்தை மெதுவாகப் பார்க்கலாமா என்று கேட்டாய். அவர் யோசித்துவிட்டு, பார்க்கலாம், ஆனால் முறிக்கிற வேலை வேண்டாம் என்றார். நீ ஒரு மாணவன் போல் தலையாட்டினாய்.

அதன் பிறகுதான் உன் அறைப் படிகளை ஏறினேன். முதலில் உன் விரலைக் கண்ணால் பின்தொடரச் சொன்னாய். ஒரு பாதத்துக்கு முன்னால் மற்றப் பாதத்தை வைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னாய். சரிந்தேன், பிடித்தாய். "மூளைக்கு நான் ஒண்டும் செய்யேலாது அப்பா, அது தானா ஆறவேணும். ஆனா அந்த அடியைக் கழுத்தும்தான் வாங்கியிருக்கு. தலையிடியில கொஞ்சம், தலைச்சுற்றில கொஞ்சம் அங்கயிருந்து வரலாம். அதுதான் என்ர வேலை" என்றாய். கட்டிலில் மல்லாக்கப் படுத்தேன். தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு இருந்து, இரண்டு கையையும் என் தலைக்குக் கீழே கொடுத்து, மண்டையோடு கழுத்தில் வந்து சேருகிற இடத்தில் விரல் நுனிகளை வைத்தாய். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நான் காத்திருந்தேன். "எப்ப துவங்கப் போறாய்?" என்று கேட்டேன். "துவங்கிப் பத்து நிமிஷம் அப்பா" என்றாய்.

அதன் பிறகு கவனித்தேன். விரல்கள் சும்மா இருக்கவில்லை. என் கழுத்து எவ்வளவு விட்டுக்கொடுக்கிறதோ அவ்வளவுக்கு மட்டும் உள்ளே போயின, அது இறுகினால் அங்கேயே நின்றன. இறுக்கிக் கட்டிய மூட்டையின் கயிற்றை யாரோ கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவது போல் இருந்தது. கண்ணுக்குப் பின்னால் இத்தனை நாளாக இருந்த இடி அன்றுதான் முதல் தடவையாகக் கொஞ்சம் விலகியது. நீ கடைசியாக எப்போது என்னைத் தொட்டாய், நான் எப்போது உன்னைத் தொட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. அது தலையடியால் வந்த மறதி இல்லை, உண்மையிலேயே அவ்வளவு காலம். எனக்கு அழுகை வந்தது. உனக்குத் தெரிந்திருக்கும், காதுப்பக்கம் ஈரமாகியிருக்கும்.

வீட்டுக்கும் வேலை தந்தாய். பேப்பர் ஐந்து நிமிடம், மணிக்கூட்டைப் பார்த்து. சந்திவரைக்கும் நடை. தலையிடி கூடினால் நிறுத்தி, குறைந்த பிறகு திரும்பவும். நான் கிளார்க் அல்லவா, ஒரு தாளில் கோடு போட்டு, நேரம், செய்தது, பத்துக்கு எத்தனை தலையிடி என்று எழுதினேன். அந்தத் தாளைக் கண்டு நீ சிரித்ததைப் போல நான் உன்னைச் சிரிக்க வைத்து எத்தனையோ வருடம். ஆறு தரம் வந்தேன். மிதந்த எழுத்துகள் வரிக்குள் வந்தன. பஸ்ஸில் வர முடிந்தது. கோயில் மணிச் சத்தம் மட்டும் இன்னும் கொஞ்சம் உறைக்கிறது. ஆறாம் தரம் சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு உன்னிடம் கேட்டேன்: "எனக்குச் சுகம் வந்தது உன்ர கையாலயோ, இல்லாட்டி நாள் போனதாலயோ?" உன் கையால்தான் என்று நீ சொல்வாய், நானும் அதைக் கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லித் திரியலாம் என்று நினைத்துத்தான் கேட்டேன். நீ துவாயை மடித்துக்கொண்டே சொன்னாய்: "ரெண்டும் இருக்கலாம் அப்பா. கழுத்துக்கு என்ர கை உதவியிருக்கும். மிச்சத்துக்கு நான் பேர் எடுக்கேலாது."

பஸ்ஸில் வரும்போது எனக்கு அந்த வார்த்தையே ஓடிக்கொண்டிருந்தது. நானே எடுத்து நீட்டுகிற பெயரைக்கூட, சரியாகத் தெரியாததால் வேண்டாம் என்கிறவன் நீ. உன்னைத்தான் நான் கோயில் வாசலிலும் சம்பந்தி வீட்டிலும் வேறு ஒருவனாக விற்றுக்கொண்டு திரிந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கெட்டித்தனத்தை நினைத்து அன்றுதான் முதல் தடவையாக வெட்கப்பட்டேன்.

நேற்று வெள்ளவத்தைக்கு வந்தேன். உன்னிடம் வரவில்லை, பிரின்சிப்பல் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீங்கள் என்னை ரெண்டு தரம் ஏமாத்திப்போட்டீங்கள்" என்றார். "ஓம்" என்றேன். கண்ணாடியைத் திரும்பவும் போட்டுக்கொண்டு, "அப்ப உங்கட மகன் உண்மையில என்னதான் செய்யிறவர்?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்கு நான் சரியான பதில் சொன்னதே இல்லை. என் தலையையே காட்டிச் சொன்னேன். ஷட்டர், போயா, எண்ணெய்க்காரர், ஸ்கேன், பத்து நிமிடம், எல்லாம். கை வைக்கமாட்டேன் என்று நீ நின்றதைச் சொன்னேன். மிச்சத்துக்குப் பேர் எடுக்க ஏலாது என்று நீ சொன்னதையும் சொன்னேன். தேத்தண்ணி ஆறிப்போனது.

"அப்ப தம்பி லண்டனுக்குப் போகமாட்டார்."

"தெரியாது. நான் அவரைக் கேக்கேல்ல. நீங்கள் அவரைத்தான் கேக்கவேணும்."

"நானும் மகளிட்ட மறைச்சுத்தானே இருந்தனான்" என்றார், என்னிடம் சொல்வது போல் இல்லை. "எனக்கு யோசிக்கவேணும். ஞாயிற்றுக்கிழமை சொல்லுறன். உங்களிட்ட இல்லை, தம்பியிட்ட சொல்லுறன்."

கை கொடுக்காமல்தான் வாசல்வரை வந்தார். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. மண்டபம் சொல்லியாயிற்று, கார்ட் அரைவாசிப் பேருக்குக் கொடுத்தாயிற்று. அதெல்லாம் பெரிய விஷயம் என்று எனக்கு இப்போது தோன்றவில்லை. நீ அந்தப் பிள்ளையில் எவ்வளவு ஆசை வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு நெஞ்சில் கிடக்கிறது.

இன்று வியாழக்கிழமை. ஞாயிறு வரை இருக்காதே. தகப்பன் சொல்லி ஷாமினி அறியக்கூடாது, நீயே போய்ச் சொல். அவள் முதலில் கேட்கப்போவது, இது உங்களுக்குத் தெரியுமா என்றுதான். தெரியாது என்று நீ சொல்வாய். ஆனால் ஒரு அப்பா வாக்குக் கொடுத்தது மகனுக்குத் தெரியாது என்றால் யார் லேசில் நம்புவார்கள்? அதற்காகத்தான் வாயால் சொல்லாமல் எழுதி, கீழே கையெழுத்தும் வைக்கிறேன். இதை அவளிடம் கொடு. அவள் வீட்டாரும் வாசிக்கட்டும். கோயில் வாசலில் என்னிடம் கேட்டவர்களும் வாசிக்கட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை.

கலியாணம் நின்றால், அதற்குக் காரணம் நான். என்னோடு கதைக்காமல் விட்டால் அதுவும் நியாயம், அம்மாவோடு மட்டும் கதைத்துக்கொள். ஆனால் அந்த அறையை எனக்காகவோ அவர்களுக்காகவோ மூடாதே. மூடத்தான் வேண்டும் என்று நீயும் ஷாமினியும் இருந்து யோசித்து முடிவெடுத்தால் மூடுங்கள், என்னிடம் கேட்க வேண்டாம். இனி யார் வந்து உன்னைப் பற்றி என்னிடம் என்ன கேட்டாலும், மகனைக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன்.

அப்பா